யாரோட என்விரான்மென்ட்?

என்விரான்மென்ட்னா என்னன்னு யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, மரம், காத்து, தண்ணி, மாசுன்னு ஆரம்பிப்பாங்க. அதே கேள்விய கம்ப்யூட்டர் கோடு எழுதறவங்ககிட்ட கேட்டா பதில் வராது, திருப்பி ஒரு கேள்விதான் வரும்: "எந்த என்விரான்மென்ட்ல?" அவங்களுக்கு அது டெவ்வா, ஸ்டேஜிங்கா, ப்ராடக்‌ஷனான்னு தெரியணும், அதாவது எழுதிப் பாக்கற இடமா, ஒத்திகை இடமா, ஜனங்க நிஜமாப் புழங்கற இடமா. இன்னொருத்தர் "வேரியபிள் செட் பண்ணியா"ன்னு கேப்பாரு, பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழில எழுதறவர் "ஆக்டிவேட் பண்ணியா"ன்னு கேப்பாரு, ஹெச்ஆர்ல இருந்து ஒரு மெயில் வந்து நம்ம வொர்க் என்விரான்மென்ட் எப்படி இருக்குன்னு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடச் சொல்லும்.

இதெல்லாம் ஒரே வார்த்தைய எடுத்து இஷ்டத்துக்கு வளைச்சதுன்னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அப்படித் தோணல. எல்லா அர்த்தத்துலயும் ஒரு சமாச்சாரம் பொதுவா இருக்கு, நடுவுல யாரோ ஒருத்தர், இல்ல ஏதோ ஒண்ணு இருக்கணும். அது இல்லாம சூழல்னு ஒண்ணு கிடையாது. சூழ்றதுக்கு ஆள் வேணும்ல! அந்த நடு ஆள் யாருன்னு சொல்லாம விட்டுட்டாதான் எல்லாக் குழப்பமும் வருது, கம்ப்யூட்டர்லயும் சரி, வெளியிலயும் சரி.

இங்கிலீஷ்ல இந்த வார்த்தைய இன்னைக்கு நாம புழங்கற அர்த்தத்துக்கு இழுத்துட்டு வந்ததுல தாமஸ் கார்லைலுக்குப் பங்கு உண்டுன்னு சொல்வாங்க, 1828-ல ஜெர்மன் கவிஞர் கதேயப் பத்தி எழுதும்போது ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடா இதைப் போட்டார். அப்ப அது ஒரு மனுஷனச் சுத்தி இருக்கற நிலைமைகள், அவ்ளோதான். மரம் செடி எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்துது. 1972 ஜூன்ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா. நடத்துன மாநாட்டுக்கு முழுப் பேரே "மனிதச் சூழல்" மாநாடு. அது தொடங்குன ஜூன் 5-ஐத்தான் இப்ப உலகச் சுற்றுச்சூழல் தினம்னு வச்சிருக்கோம். பேர்ல இருந்த "மனித" எங்க போச்சுன்னு பாருங்க, எப்பவோ நழுவிடுச்சு. இப்ப சுற்றுச்சூழல்னா யாரோடதும் இல்லாம அது பாட்டுக்கு வெளியில எங்கயோ இருக்கற ஒரு பொருள் மாதிரி ஆகிப்போச்சு, நாம வருஷத்துக்கு ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வர்ற மாதிரி.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஆள் யாகோப் ஃபான் உக்ஸ்கூல்னு ஒரு உயிரியலாளர். 1909-லயே அவர் ஒரு கருத்தைச் சொன்னார், ஒரு உயிரோட சூழல்ங்கறது அதைச் சுத்தி இருக்கற எல்லாமும் கிடையாது, அந்த உயிரால உணர முடிஞ்சது மட்டும்தான், அதுக்கு எது பொருட்டோ அது மட்டும்தான். பிற்பாடு அவர் சொன்ன உதாரணம் உண்ணி, அதாங்க, நாய் காதுல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த ஜாதி. அதுக்குக் கண்ணு கிடையாது. தோல்ல படற வெளிச்சத்த வச்சே செடி நுனி வரைக்கும் ஏறி உக்காந்துக்கும். கீழ ஒரு பாலூட்டி போனா அதோட தோல்ல இருந்து வர்ற ப்யூட்ரிக் ஆசிட் வாசனை வரும், உடனே கைய விட்டு விழும். விழுந்த இடம் வெதுவெதுப்பா இருந்தா சரியான இடம்னு தெரிஞ்சுக்கும், முடி இல்லாத இடமாத் தேடிப் போய்க் கடிக்கும். முடிஞ்சுது. காடு, பூ, குருவிச் சத்தம், நிலா, எதுவுமே அந்த உண்ணியோட சூழல்ல கிடையாது. வாசனை, சூடு, தொடுகை, இந்த மூணே மூணுதான் அதோட மொத்த உலகம். எதுவுமே வராட்டி? காத்துக்கிட்டு இருக்கும். ரோஸ்டாக்ல ஒரு ஆய்வகத்துல 18 வருஷம் தீனி இல்லாம உயிரோட இருந்த உண்ணிகளப் பத்தி அவரே எழுதி வச்சிருக்கார்.

இந்த உண்ணியப் படிச்சப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட ப்ராசஸ்தான், அதாவது ஓடிக்கிட்டு இருக்கற ஒரு ப்ரோக்ராம், சிரிக்காதீங்க.

ஒரு ப்ரோக்ராம் ஓட ஆரம்பிக்கும்போது அதுக்கு முழு கம்ப்யூட்டரும் தெரியும்னு நாம நினைக்கறோம். தெரியாது. யாரோ அதைக் கிளப்பி விடறாங்க, அப்படிக் கிளப்பும்போது ஒரு சின்னப் பட்டியல் கையில குடுக்கறாங்க: பேர், சமக்குறி, மதிப்பு. ஹோம்னா எந்த டைரக்டரி, பாத்னா கமாண்டுகள எங்கெங்க தேடணும், லாங்னா எந்த மொழி, டிசெட்னா எந்த டைம் ஜோன். எல்லாமே வெறும் எழுத்துச் சரம், டைப்பெல்லாம் ஒண்ணும் கிடையாது. இதைத்தான் என்விரான்மென்ட்னு சொல்றாங்க, அதுல ஒவ்வொரு வரியும் ஒரு வேரியபிள். 1979-ல பெல் லேப்ஸ்ங்கற அமெரிக்க ஆய்வகத்துல இருந்து வந்த ஏழாவது யூனிக்ஸ் வெர்ஷன்லதான் இது அறிமுகமாச்சு, அதுக்கு முன்னாடி ஒரு ப்ரோக்ராமுக்கு ஏதாவது சொல்லணும்னா பெரும்பாலும் கமாண்டு லைன்ல கூடவே எழுதித்தான் சொல்லணும். யூனிக்ஸ் மாதிரியே இருக்கற லினக்ஸ்ல இந்தப் பட்டியல் ப்ராசஸோட ஸ்டாக் மெமரியோட மேல் நுனியில போய் உக்காந்துக்கும், ப்ராக் டைரக்டரிக்குள்ள அந்த ப்ராசஸ் நம்பருக்கு உள்ள என்விரான்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத் தொறந்தா கிளம்பும்போது என்ன குடுத்து அனுப்புனாங்கன்னு அப்படியே பாக்கலாம். கிளம்புனப்புறம் ப்ரோக்ராம் தனக்குள்ள அதை மாத்தியிருந்தா அது பெரும்பாலும் அங்க தெரியாது, இதை நம்பிக்கிட்டு டீபக் பண்ணா (தப்பைத் தேடுனா) மண்டை காயும்.

இதுல முக்கியமான விஷயம், குடுக்கறது காப்பி. வீட்டை விட்டுக் கிளம்பற புள்ளைக்குப் பெட்டி கட்டிக் குடுக்கற மாதிரி, அந்தப் பெட்டிக்குள்ள புள்ள என்ன மாத்துனாலும் வீட்டு அலமாரில ஒண்ணும் மாறாது. பேரண்ட் ப்ராசஸ் சைல்டுக்குக் குடுக்கும், சைல்டு அதோட சைல்டுக்குக் குடுக்கும், திரும்ப மேல ஏறவே ஏறாது. ஷெல்லுல, அதாவது நாம டைப் பண்ற கமாண்டை வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்ல, ஒரு வேரியபிள் வச்சுட்டு எக்ஸ்போர்ட் போடலன்னா அது அந்த ஷெல்லோடயே நின்னுரும், பெட்டியிலயே ஏறாது. டைரக்டரி மாத்தற சிடி கமாண்டு ஏன் தனி ப்ரோக்ராமா இல்லாம ஷெல்லுக்குள்ளயே இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா, இதே கதைதான், தனி ப்ரோக்ராமா இருந்தா அது தன்னோட இடத்தை மாத்திக்கிட்டு செத்துப்போகும், நாம நின்ன இடத்துலயே நிப்போம். பைத்தான்ல வர்ச்சுவல் என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் பண்ணும்போது அந்த ஸ்க்ரிப்ட்டை நேரா ஓட்டாம சோர்ஸ் பண்ணச் (நம்ம ஷெல்லுக்குள்ளயே ஓட்டச்) சொல்றதும் இதுக்குத்தான், நேரா ஓட்டுனா அது பாத்தை மாத்தும், முடிச்சுட்டுப் போயிடும், நம்ம ஷெல்லுக்கு சேதியே வராது. புதுசா வர்றவங்க இந்த சோர்ஸ்ங்கறத ஏதோ மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்றாங்க, காரணம் இவ்ளோதான். இந்த வர்ச்சுவல் என்விரான்மென்ட்ங்கறதும் பெரிய மாயாஜாலம் ஒண்ணும் இல்ல, 2012-ல வந்த பைத்தான் 3.3-ல இருந்து கூடவே வருது, ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள லைப்ரரிகள், பாத்ல அந்த ஃபோல்டரை முதல் எடத்துல சொருகற ஒரு ஸ்க்ரிப்ட், அம்புட்டுதான்.

இந்த விஷயம் புரியாம ஜனங்க அதிகமா அல்லாடற இடம்னா அது கிரான்தான், சொன்ன நேரத்துக்கு வேலையத் தானா ஓட்டி விடற ப்ரோக்ராம். டெர்மினல்ல கையால ஓட்டுனா ஸ்க்ரிப்ட் ஜம்முனு ஓடும், அதையே ராத்திரி ரெண்டு மணிக்கு கிரான்ல போட்டா பேச்சு மூச்சு இருக்காது. மெஷின் அதேதான், ஃபைல் அதேதான், யூசர் கூட அதேதான். ஆனா டெர்மினல்ல நம்ம ஷெல் லாகின் ஆகும்போது ஏகப்பட்ட செட்டிங் ஃபைல்களப் படிச்சு பாத்துல பத்துப் பன்னெண்டு டைரக்டரி சேத்து வச்சிருக்கும், கிரானுக்கு அதெல்லாம் தெரியாது, நிறைய லினக்ஸ்ல அது குடுக்கற பாத்துல யூசர்பின், பின், ரெண்டே ரெண்டு டைரக்டரிதான் இருக்கும். ஹோம், லாகின் பேர், ஷெல், இந்தப் பாத், கிட்டத்தட்ட அதோட சரி. உண்ணிக்கு மூணு, கிரான் ஜாபுக்கு நாலஞ்சு. அந்த ஸ்க்ரிப்ட்ட சல்லடை போட்டுத் தேடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கிரான்லயே ஒரு வரி எழுதி, என்விரான்மென்ட்டக் காட்டற என்வ் கமாண்டோட அவுட்புட்டை ஒரு ஃபைல்ல கொட்டச் சொல்லுங்க, டெர்மினல்லயும் அதையே பண்ணுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எது காணோம்னு உடனே தெரிஞ்சுரும். ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தாலும் ரெண்டு பேரோட உலகம் வேற வேறன்னு கண்ணால பாக்கறதுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வரிசைப்படுத்தற ஸார்ட் கமாண்டையும் பாருங்க, அதே ஃபைலைக் குடுத்தாலும் லொக்கேல் (எந்த மொழி, எந்த ஊர் வழக்கம்ங்கற செட்டிங்) வேரியபிளைப் பொறுத்து வரிசை மாறும். சி லொக்கேல்ல பெரிய எழுத்துல ஆரம்பிக்கறது மொத்தமும் முன்னாடி வந்துரும், சின்ன எழுத்தெல்லாம் பின்னாடி. வேற லொக்கேல்ல ரெண்டும் கலந்து அகராதி மாதிரி வரும். ஒருத்தர் மெஷின்ல டெஸ்ட் பாஸ், இன்னொருத்தர் மெஷின்ல ஃபெயில், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கோடைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.

டாஸ்ங்கற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் காலத்து ஆளுங்களுக்கு இது வேற மாதிரி தெரியும். "அவுட் ஆஃப் என்விரான்மென்ட் ஸ்பேஸ்"னு ஒரு எர்ரர் வரும், ஞாபகம் இருக்கா? அங்க இந்தப் பட்டியலுக்குன்னு ஒதுக்குன இடமே ரொம்பக் கம்மி, கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஓடற ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல பாத்தைக் கொஞ்சம் நீளமா எழுதிட்டா போதும், இடம் நிரம்பிடும், டாஸோட ஷெல்லான கமாண்ட் டாட் காமுக்கு ஒரு ஸ்விட்ச் குடுத்து இடத்தைப் பெருசாக்கணும். சுற்றுச்சூழல்ல இடமில்லைன்னு கம்ப்யூட்டர் சொல்றது இன்னைக்குக் கேக்க என்னமோ தீர்க்கதரிசனம் மாதிரி இருக்கு, அன்னைக்கு வெறும் எரிச்சல்தான்.

இதுக்கு ஒரு பயங்கரமான பக்கமும் உண்டு. பெட்டியில யார் என்ன வச்சாங்கன்னு சைல்டு கேக்காது, வந்ததை நம்பும். 2014 செப்டம்பர்ல ஷெல்ஷாக்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு. பாஷ் ஷெல்லு தன்னோட ஃபங்ஷன்கள என்விரான்மென்ட் வேரியபிள் வழியா சைல்டுக்கு அனுப்பும், சைல்டு பாஷ் கிளம்பும்போதே அந்த வேரியபிளப் படிச்சு ஃபங்ஷனா மாத்தும், பிரச்சினை என்னன்னா ஃபங்ஷன் முடிஞ்ச அப்புறமும் அதே சரத்துல ஒட்டிக்கிட்டு வர்ற கமாண்டையும் சேத்து ஓட்டிரும். சரி, என் மெஷின்ல என் வேரியபிள நான்தான வைக்கறேன், வேற யார் வைக்கப் போறான்னு தோணும். அங்கதான் இருக்கு விஷயம். பழைய சிஜிஐ முறையில (வெப் பேஜை உருவாக்க சர்வர் ஒரு தனி ஸ்க்ரிப்ட்டை ஓட்டறது) வெப் சர்வர் என்ன பண்ணும்னா, வெளியில இருந்து வர்ற ரிக்வெஸ்ட்டோட ஹெடர்கள, அதாவது கூட வர்ற தகவல் வரிகள, ப்ரௌசர் தன்னப் பத்திச் சொல்ற யூசர் ஏஜென்ட் உட்பட, வேரியபிளா மாத்தி ஸ்க்ரிப்ட்டுக்குக் குடுக்கும். அதாவது ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தன் உங்க ப்ராசஸோட சூழல்ல ஒரு வரி எழுதிட்டுப் போகலாம். அந்தக் கோடு 1989-ல இருந்து அப்படியே கெடந்துச்சு, இருபத்தஞ்சு வருஷம் யாரும் கவனிக்கல, ஏன்னா சூழலை யாரும் இன்புட்டா நினைக்கறதே இல்ல. அது எப்பவும் இருக்கற ஒண்ணு, பின்னணி, அவ்ளோதான்னு விட்டுடறோம்.

அடுத்து டெவ், டெஸ்ட், ஸ்டேஜிங், ப்ராடக்‌ஷன். இங்க நடுவுல இருக்கறது ஒரு ப்ராசஸ் இல்ல, மொத்த அப்ளிகேஷன். அதுக்கு வெளியில இருக்கற டேட்டாபேஸ், நெட்வொர்க், கீ, பாஸ்வேர்டு, எல்லாம் சேந்து சூழல். அதே கோடு எங்க வேணா போகலாம், மாறறது சூழல் மட்டும்தான் இருக்கணும்ங்கறது கொள்கை. 2011 வாக்குல ஹெரோக்குங்கற க்ளவுட் கம்பெனி ஆளுங்க எழுதுன பன்னெண்டு விதிகள்ல ஒண்ணு கான்ஃபிகரேஷனைக் கோடுல வைக்காத, என்விரான்மென்ட்ல வைங்கறது, அங்க இருந்துதான் ஆளாளுக்கு இதெல்லாம் எழுதி டாட் என்வ்னு ஒரு ஃபைல் வச்சுக்கற பழக்கம் பரவுச்சு. "என் மெஷின்ல ஓடுதே"ங்கற டயலாக் இந்த ஏரியாவோட தேசிய கீதம். 2013-ல டாக்கர்ங்கற டூல் வந்ததும் அதுக்குப் பதில் வேற மாதிரி வந்துச்சு, சரிப்பா, உன் மெஷினோட ஃபைல் சிஸ்டத்தையே சேத்துக் கட்டி அனுப்பு. ஒரு விதத்துல இது சூழலையே பொருளா ஆக்கறது, வெளியில இருந்ததை உள்ள இழுத்துக்கறது. ஆனா கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) வெளியிலதான் இருக்கும், பாஸ்வேர்டு மாதிரி சீக்ரெட் வெளியிலதான் இருக்கும், ப்ராடக்‌ஷன்ல வர்ற ட்ராஃபிக்கும் டேட்டாவும் வெளியிலதான் இருக்கும். ஸ்டேஜிங் ப்ராடக்‌ஷன் மாதிரியே இருக்குன்னு யாராவது சொன்னா நான் கேக்கறது, அதுல பழைய குப்பை டேட்டா எவ்ளோ இருக்கு? யூசர்ங்க வருஷக்கணக்கா பண்ண கிறுக்குத்தனமெல்லாம் ப்ராடக்‌ஷன்ல மட்டும்தான் சேரும், அதை எந்த டாக்கர்லயும் கட்ட முடியாது.

ப்ரோக்ராமிங் லாங்க்வேஜ்காரங்க வச்சிருக்கற என்விரான்மென்ட் இன்னும் பழசு. 1964-ல பீட்டர் லேண்டின்னு ஒருத்தர் கணக்கு வாக்கியங்கள ஒரு மெஷின் எப்படிப் படிப்படியா தீர்க்கலாம்னு காட்ட ஒரு கற்பனை மெஷின் வடிவமைச்சார், எஸ்இசிடின்னு பேரு, அதுல இ-ங்கற எழுத்து என்விரான்மென்ட். எந்தப் பேருக்கு இப்ப என்ன மதிப்புங்கற அட்டவணை. ஃபங்ஷனையும் அது பிறந்த எடத்து அட்டவணையையும் சேத்துக் கட்டுனதுக்கு க்ளோஷர்னு பேரும் வச்சார். ஜாவாஸ்க்ரிப்ட் இன்டர்வியூல இன்னைக்கும் எல்லாரையும் வறுத்தெடுக்கற அதே க்ளோஷர்தான். இங்க ஒரு சுவாரசியமான சண்டை உண்டு. ஒரு ஃபங்ஷன் தனக்குள்ள இல்லாத ஒரு பேரைத் தேடும்போது எங்க பாக்கணும், அதை எழுதுன இடத்துலயா, இல்ல கூப்பிட்ட இடத்துலயா? பழைய லிஸ்ப் லாங்க்வேஜ் கூப்பிட்ட இடத்துல பாத்துச்சு. 1975-ல வந்த ஸ்கீம்ங்கற லாங்க்வேஜ் எழுதுன இடத்துலதான் பாக்கணும்னு சொல்லுச்சு, இப்ப பெரும்பாலான லாங்க்வேஜ் அந்தப் பக்கம்தான். ஆனா யூனிக்ஸ் ப்ராசஸ் மட்டும் இன்னும் கூப்பிட்டவன் கையப் பாத்துக்கிட்டு இருக்கு, எங்க எழுதுனாங்கங்கறது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சித்தாந்தமும் ஒண்ணு மேல ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, எனக்கு ஸ்கீம் கட்சி. ஒரு ஃபங்ஷனப் படிச்சா அது என்ன பண்ணும்னு அங்கயே தெரியணும், யார் கூப்பிடப் போறாங்கன்னு ஜோசியம் பாக்க முடியாது.

ஸ்க்ரீன்ல விண்டோ, மெனு எல்லாம் காட்டற டெஸ்க்டாப் என்விரான்மென்ட்டப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. 1996-ல கேடிஇ, 1997-ல க்னோம், இங்கிலீஷ்ல எழுதுனா ரெண்டு பேர்லயும் கடைசி எழுத்தான இ என்விரான்மென்ட்டுக்காகத்தான் வந்துச்சு. நடுவுல மனுஷன் உக்காந்திருக்கற ஒரே கம்ப்யூட்டர் சூழல் இதுதான்னு வேணா சொல்லலாம், மத்ததுலெல்லாம் நாம வெளியாளுதான்.

ஏஐ பக்கம் வந்தா ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்ல (செஞ்சு பாத்து, கிடைக்கற மார்க்க வச்சுக் கத்துக்கற முறை) இந்த "யாரோட"ங்கற கேள்விய நேராவே எடுத்துப் பேசறாங்க. ஒரு ஏஜென்ட், அதாவது முடிவெடுக்கற ப்ரோக்ராம், அப்புறம் ஒரு என்விரான்மென்ட். ஏஜென்ட் ஏதாவது செய்யும், என்விரான்மென்ட் புது நிலைமையையும் ஒரு ரிவார்டையும் திருப்பிக் குடுக்கும். ரெண்டுக்கும் நடுவுல எல்லைக் கோட்டை எங்க போடறது? இந்தத் துறையோட பாடப்புத்தகம் எழுதுன ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் இதுக்கு வச்சிருக்கற விதி அழகானது: ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு மாத்த முடியாதது எல்லாம் வெளியில. அப்படிப் பாத்தா ரோபோவோட கை, மோட்டார், சென்சார், எல்லாமே என்விரான்மென்ட்தான், உடம்புக்குள்ள இருந்தாலும். ரிவார்டு கணக்குப் போடற இடம் ரோபோ மண்டைக்குள்ளயே இருந்தாலும் அதுவும் வெளியிலதான், இல்லன்னா அது உக்காந்த இடத்துல தனக்குத்தானே நூத்துக்கு நூறு போட்டுக்கும். தெரியுமா தெரியாதாங்கறது கூட முக்கியமில்ல, சூழல் எப்படி வேலை செய்யுதுன்னு ஏஜென்ட்டுக்கு முழுசாத் தெரிஞ்சிருக்கலாம், மாத்த முடியாதுன்னா அது வெளிய. உக்ஸ்கூல் உணர முடியுமான்னு பாத்தார், இவங்க மாத்த முடியுமான்னு பாக்கறாங்க. ஹெச்ஆர் மெயில்ல அஞ்சுக்கு எத்தனைன்னு கேக்கும்போது இந்த விதியத்தான் நான் மனசுல வச்சுக்கறது, என்னால மாத்த முடியாத எதெல்லாமோ அதுக்குத்தான் மார்க், என் டேபிள் அலங்கோலத்துக்கு இல்ல. அதுலயும் ஒரு சிக்கல், பக்கத்து சீட்காரங்க போடற மார்க்குல நானும் அடக்கம்.

ப்ரோக்ராம் எழுதும்போதுதான் இந்த எல்லைக் கோட்டுச் சண்டை நிஜமாகவே வரும். கேமராவுல இருந்து வர்ற படத்தைச் சின்னதாக்கிக் குடுக்கறது யார் வேலை, ஏஜென்ட்டோடதா சூழலோடதா? 2016-ல வந்த ஓப்பன்ஏஐ ஜிம்ங்கற லைப்ரரில இதுக்கு ராப்பர்னு ஒண்ணு வச்சாங்க, என்விரான்மென்ட்டச் சுத்தி இன்னொரு உறை, வெளியில இருந்து பாத்தா அதுவும் என்விரான்மென்ட்தான். படத்தைச் சின்னதாக்க ஒண்ணு, கறுப்பு வெள்ளையாக்க ஒண்ணு, நாலு ஃப்ரேமச் சேக்க ஒண்ணு, சூழலுக்குச் சூழல், அதுக்கொரு சூழல். இது நல்ல ஏற்பாடுதான், எனக்குப் புடிக்காதது பேர் வைக்கற லட்சணம். என்வ் சமம் ராப்பர் ஆஃப் என்வ்னு எழுதி அதே பேரையே திரும்பத் திரும்ப மிதிப்பாங்க, கடைசி வரில என்வ்னா எத்தனையாவது உறைன்னு எழுதுனவங்களுக்கே தெரியாது. அப்படி ஒரு ப்ராஜெக்ட்டோட ஃபோல்டரைத் தொறந்து பாத்தா வர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்கு ஒரு என்வ் இருக்கும், பாஸ்வேர்டெல்லாம் போட்டு டாட் என்வ்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், உள்ள என்வ் டாட் பை-ன்னு ஏஜென்ட் விளையாடற கேமோட கோடு இருக்கும். புதுசா சேந்தவங்க "என்வ்ல எர்ரர் வருது"ன்னு மெசேஜ் போட்டா பதில் போடறதுக்கு முன்னாடி நான் ஸ்க்ரீன்ஷாட்தான் கேப்பேன்.